தட்டில் ஏறாத தோல்

சேரியில் இருக்கிறவன் ஜாஸ் கேட்க மாட்டான் என்று இரண்டு தரப்பும் முடிவு கட்டி வைத்திருக்கிறது. ஒரு தரப்பு, சென்னையில் இசைத்தட்டு சேர்க்கிற கனவான்கள். இன்னொரு தரப்பு, நம்ப தோழர்கள். கனவானுக்கு ஜாஸ் என்றால் மங்கலான விளக்கு, கண்ணாடிக் கோப்பை, கண்ணை மூடித் தலையாட்டுவது. தோழருக்கு ஜாஸ் என்றால் அந்தக் கனவானின் சரக்கு. 'நம்ப பறைய உட்டுட்டு அமெரிக்காக்காரன் ஊதறத இன்னாத்துக்குக் கேக்கற?' என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். முப்பது வருசத்துக்கு மேலாகக் கேட்டுக்கினு வருகிறேன், ஜாஸையும் இந்தக் கேள்வியையும். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட வேண்டியதுதான்.

முதலில் கனவான்.

அவர் அலமாரியில் தவறாமல் இருக்கும் தட்டு மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959 ஆகஸ்ட் 17இல் வெளிவந்தது. நல்ல தட்டுதான், யார் இல்லை என்றது. அது வெளிவந்த எட்டாம் நாள், ஆகஸ்ட் 25 இரவு, நியூயார்க்கில் 'பேர்ட்லேண்ட்' என்கிற கிளப்பின் வாசலில், வாசிப்புக்கு நடுவே கிடைத்த இடைவேளையில், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை டாக்சியில் ஏற்றி அனுப்பிவிட்டு மைல்ஸ் நின்றிருந்தார். போலீஸ்காரன் வந்து 'இங்க நிக்காதே, நகரு' என்றான். உள்ளே வாசிப்பது நான்தான், அதோ என் பெயர் பலகையில் இருக்கிறது என்றார் இவர். மண்டை உடைந்தது. சட்டையெல்லாம் ரத்தத்தோடு அவர் இருக்கிற புகைப்படம் பத்திரிகையில் வந்தது. தெருவில் நிற்காதே என்கிற குரல் நமக்குப் புதுசா? ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்காதே, சைக்கிளில் ஏறிப் போகாதே, டீக்கடை பெஞ்சில் உட்காராதே. கனவான் அந்தத் தட்டைப் போட்டுவிட்டு 'என்ன ஒரு அமைதி' என்கிறார். அந்த அமைதி எதை அடக்கி வைத்திருக்கிறது என்று சேரிக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சில வருசங்களுக்கு முன்னால் சென்னையில் இப்படி ஒரு கேட்கும் வட்டத்துக்குப் போயிருந்தேன். யார், எங்கே என்பது வேண்டாம். ஒரு ஆளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. 'எந்த ஊர்?' 'செங்கல்பட்டு.' 'செங்கல்பட்டுல எங்க?' 'மாமல்லபுரம் பக்கம்.' 'மாமல்லபுரத்துல எந்தத் தெரு?' இந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று நம்ப வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அன்றைக்கு ஆர்ட் பிளேக்கியின் டிரம்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்காவின் ஆதித் துடிப்பு, மண்ணின் ஆன்மா என்று ஒருவர் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வெளியே தெருவில் ஒரு சாவு போனது. மோளம் நல்லா பேசினு போவுது. வீட்டுக்காரர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். 'இந்த நியூசென்ஸ் தாங்கல' என்றார். நாலாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற தோல் ஆன்மா. நாற்பது அடி தூரத்தில் இருக்கிற தோல் நியூசென்ஸ். நான் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சேகரிப்பு என்பதைப் பற்றியும் இங்கேயே பேசிவிடலாம். இசைத்தட்டு சேர்ப்பது ரசனை சம்பந்தப்பட்ட காரியம் என்று நினைக்கிறார்கள். அது முதலில் வீடு சம்பந்தப்பட்ட காரியம். தட்டைச் செங்குத்தாக அடுக்க ஓர் அலமாரி, வெயில் படாத சுவர், ஒழுகாத கூரை, பூட்டு. ஒற்றை அறைத் தொகுப்பு வீட்டில் ஐந்து பேர் படுக்கிற இடத்தில் அலமாரிக்கு எங்கே போவது? கடற்கரை ஊரில் உப்புக்காற்று பட்டு உறையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மைல்ஸின் பாதி முகம் பக்கத்து உறையில் இருக்கும். தட்டில் பூஞ்சை பூக்கும். 2015 டிசம்பர் மழையில் என் தட்டுகளில் பாதி தண்ணீரில் ஊறின. கழுவித் துடைத்துக் கொடியில் துணி காய்கிற மாதிரி வெறும் தட்டுகளாகக் காயவைத்தேன். உறை போச்சு, பாட்டு இருக்குது. சேகரிப்புச் சந்தையில் உறை போன தட்டுக்கு மதிப்பில்லையாம். அவர்கள் வாங்குவது எது என்று இதிலிருந்து தெரிகிறதா இல்லையா?

இப்போது தட்டு மறுபடி மோஸ்தராகிவிட்டது. புது மறுபதிப்பு ஒன்றுக்கு மூவாயிரம் ரூபாய் சொல்கிறார்கள். 2024இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 319 ரூபாய். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ஜாஸ் கடையில் கிடைக்கவில்லை. மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெரு லாட்ஜுகளில் தங்கும் வெள்ளைக்காரப் பயணிகள் ஊருக்குப் போகும்போது பழைய கேசட்டுகளைப் போட்டுவிட்டுப் போவார்கள். என் சித்தப்பா அப்படி ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிற வேலை பார்த்தார். சோப்பு டப்பா, பாதி தீர்ந்த பற்பசை, புரியாத மொழிப் புத்தகம், கேசட் எல்லாம் ஒரே பையில் வரும். பெரும்பாலான கேசட்டுகளில் கையெழுத்தில் எழுதிய பெயர், அதுவும் பாதி அழிந்தது. யார் வாசிக்கிறார்கள் என்று தெரியாமலே மூன்று வருசம் சார்ல்ஸ் மிங்கஸைக் கேட்டேன். கறுப்பர்கள் என்றுகூடத் தெரியாது. ஆனால் ஒருத்தன் ஊதும்போது பின்னால் இருக்கிறவன் 'ஆங்... அப்படித்தான்' என்று குரல் கொடுப்பது கேட்கும். எங்க தெருவில் மோளம் அடிக்கிறவருக்கு எதிரே நின்று ஆடுகிறவன் கொடுக்கிற குரல் மாதிரியே இருக்கும். எனக்கு அந்தக் குரல்தான் வாசல்.

அந்தக் காலத்துத் தட்டு எதனால் ஆனது என்று கனவான்கள் யாராவது யோசித்தார்களா? 78 சுற்றுத் தட்டுகள் அரக்கு, கல்தூள், கரிப்பொடி எல்லாம் கலந்து அச்சில் அழுத்திச் செய்தவை. உலகத்துக்கு அரக்கு கொடுத்ததில் பெரும்பங்கு இந்தியாவுடையது. சோட்டா நாக்பூர்க் காடுகளில் புரசமரத்திலும் குசும் மரத்திலும் அரக்குப் பூச்சி சுரப்பதை ஆதிவாசிகள் சுரண்டி எடுத்து வியாபாரிக்குக் கொடுத்தார்கள். 1942இல், போர் நடுவே, அமெரிக்க அரசு தட்டுக் கம்பெனிகளுக்கு அரக்கைக் கட்டுப்படுத்தியது. லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் எக்காளமும் பெஸ்ஸி ஸ்மித்தின் குரலும் பெரும்பாலும் நம்ப நாட்டு ஆதிவாசியின் விரலிடுக்கில் ஒட்டிய பிசினில்தான் பதிந்து கிடக்கின்றன. தட்டின் கறுப்புக்கு உரிமை கொண்டாட எவனிடமும் நாம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இனி தோழர்கள்.

ஜாஸ் மேட்டுக்குடி இசை என்கிறீர்கள். ஜாஸ் என்ற பெயரோடு முதல் தட்டு 1917இல் வந்தது. பதிந்தவர்கள் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஐந்து பேர். ஐந்து பேரும் வெள்ளையர். கறுப்பர்கள் தெருவில் வாசித்துக்கொண்டிருந்ததை வெள்ளையன் தட்டில் ஏற்றிக்கொண்டான். தேவதாசிகளிடமிருந்து சதிரை எடுத்துப் பரதநாட்டியம் என்று பேர் வைத்த நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? கைப்பற்றினவனைப் பார்த்து, அது அவன் சொத்து என்று நாமே எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. ஜாஸ் என்ற சொல்லையே மேக்ஸ் ரோச் போன்றவர்கள் வெறுத்தார்கள். அது எங்களுக்கு அடுத்தவன் வைத்த பேர் என்றார்கள். நம்ப பேரும் ஆங்கில அகராதியில் ஏறியிருக்கிறது, ஒதுக்கப்பட்டவன், நாய் என்கிற அர்த்தத்தோடு. அந்தப் பேரையே தலைப்பாக வைத்து 1893இல் பத்திரிகை நடத்தினார் இரட்டைமலை சீனிவாசன். நம்ப செங்கல்பட்டுச் சீமை, கோழியாளத்துக்காரர்.

மேக்ஸ் ரோச் 1960இல் 'வீ இன்சிஸ்ட்' என்றொரு தட்டுப் போட்டார். அந்த வருசம் பிப்ரவரி 1ஆம் தேதி கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நாலு கறுப்பு மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம்தான் தட்டின் அட்டைப்படம். மூன்று கறுப்பர்கள் மேசையில் உட்கார்ந்து திரும்பி நம்மைப் பார்க்கிறார்கள். பின்னால் வெள்ளைக்காரப் பரிமாறுகிறவன் நிற்கிறான். இரட்டை டம்ளர் டீக்கடை முன்னால் நின்ற எவனுக்கும் இந்த அட்டைக்கு விளக்கம் தேவைப்படாது. உள்ளே ஆபி லிங்கன் பாடவில்லை, அலறுகிறார். வார்த்தையே இல்லாமல், ஒரு நிமிசத்துக்கும் மேலாக. முதல் தடவை கேட்டபோது தெருவில் இருந்தவர்கள், 'யார் வூட்டுல சாவு?' என்று எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்து ஒரு ஜாஸ் தட்டுக்குக் கிடைத்த ஆகச் சரியான விமர்சனம் அது.

மிங்கஸ் கதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் பள்ளிக்கூடத்தில் ஒன்பது கறுப்புப் பிள்ளைகள் நுழையக் கூடாது என்று ஆர்கன்சா கவர்னர் ஃபோபஸ் பட்டாளத்தை நிறுத்தினான். அவனைக் கோமாளியாக்கி மிங்கஸ் ஒரு இசை செய்தார். 1959இல் கொலம்பியா கம்பெனி வெளியிட்ட தட்டில் அது வார்த்தையில்லாமல் வந்தது. வார்த்தையோடு 1960இல் 'கேண்டிட்' என்கிற சின்னக் கம்பெனியில்தான் வந்தது. இரண்டும் என்னிடம் இருக்கின்றன. மாற்றி மாற்றிக் கேட்டால் பெரிய கம்பெனி எதற்குப் பயப்படுகிறது என்று காதாலேயே படித்துவிடலாம்.

அதே லிட்டில் ராக் விவகாரத்தில்தான் ஆர்ம்ஸ்ட்ராங் வாய் திறந்தார். அவரைப் பல்லைக் காட்டி வெள்ளையனைச் சிரிக்க வைக்கிறவர் என்று இளைஞர்கள் கேலி செய்துகொண்டிருந்த காலம். ஜனாதிபதிக்குத் துணிவில்லை என்று சொல்லி, அரசு ஏற்பாடு செய்த சோவியத் பயணத்துக்குப் போக மாட்டேன் என்று மறுத்துவிட்டார். இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் பெரியப்பா மோளக்காரர். ஊர்த் திருவிழாவில் கோயிலுக்கு வெளியே வெயிலில் நின்று அடிப்பார், துண்டு இடுப்பில் இருக்கும், குனிந்து சிரிப்பார். கூலி, மிச்சச் சோறு. எண்பதுகளில் எங்க சேரிப் பையன்கள் 'இனிமே ஊருக்கு மோளம் அடிக்கக் கூடாது' என்று தீர்மானம் போட்டார்கள். பறைகளைக் கொளுத்தினார்கள். ஊர் எங்களுக்கு வேலை கொடுக்கவில்லை, பால் வாங்கவில்லை, பெரியப்பா அடிக்கப் போகவும் இல்லை.

அந்தத் தீர்மானம் சரி. இன்றைக்குப் பறையைக் கலை கலை என்று கொண்டாடுகிற நகரத்துத் தம்பிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1739இல் ஸ்டோனோவில் அடிமைகள் பறையடித்துக் கலகம் செய்தார்கள். அடுத்த வருசமே தென் கரோலினாவில் பறைக்குத் தடை. அங்கே தோலைக் கையிலிருந்து பிடுங்கினான். இங்கே தோலைக் கழுத்தில் மாட்டிவிட்டான். அங்கே அடிப்பது கலகம், இங்கே அடிக்க மறுப்பது கலகம். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் பறையும் ஜாஸும் ஒண்ணு என்று மேடையில் பேசுவது வாய்ப்பேச்சு.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. பெரியப்பா ஊரில் அடிக்காத அடி ஒன்று வைத்திருந்தார். சேரியில் நம்ப சனத்தின் சாவுக்கு மட்டும்தான் அது. வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காய்ச்சி, சுதி வந்த பிறகு சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் பேச ஆரம்பிக்கும். நாலு பறை. மூன்று பேர் பிடித்துக்கொண்டிருக்க இவர் மட்டும் வெளியே போவார். போவார் என்றால் தாளத்தை விட்டுத் தூரமாகப் போவார். விழுந்துவிடுவார் என்று நினைக்கிறபோது வந்து சேருவார். பிற்பாடு ஜான் கோல்ட்ரேனுக்குப் பின்னால் எல்வின் ஜோன்ஸ் அடிப்பதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

நியூ ஆர்லியன்ஸில் சாவுக்கு பேண்டு செட் போகும். இடுகாடு வரைக்கும் மெதுவாக, துக்கமாக வாசிப்பார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆட்டம். நம்பளுக்கு நேர் எதிர். போகும்போது ஆட்டம், திரும்பும்போது ஊமை. ஏன் இப்படி? என் ஊகம் இது: அவர்களுக்குச் செத்தவன் விடுதலையாகிவிட்டான் என்ற நம்பிக்கை, அடக்கம் செய்த பிறகு ஆடலாம். நம்ப சனத்துக்கு மேலோகத்தில் நம்பிக்கை கம்மி. பிணம் நம்பளோடு இருக்கிற வரைக்கும்தான் ஆள். அது இருக்கும்போதே ஆடிவிட வேண்டும். சுடுகாட்டுக்குப் பாதை விடாமல் ஊரார் மறிக்கிற இடத்தில் அந்த ஆட்டத்துக்கு வேறு வேகம் வரும், பார்த்திருக்கிறீர்கள்.

கோல்ட்ரேனிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. 1961இல் 'இந்தியா' என்று ஒன்று வாசித்தார். பெரிய வாசிப்பு. ஆனால் அவருக்கு எட்டிய இந்தியா ரவி சங்கர் வழியாக வந்தது. மகனுக்கும் ரவி என்று பேர் வைத்தார். நியூயார்க்கின் தட்டுக்கடைக்குப் போன இந்தியாவில் நம்ப தோல் இல்லை. அவர் தப்பா? இல்லை. ஏற்றி அனுப்பினவன் தப்பு. 1963இல் டியூக் எலிங்டனை அமெரிக்க அரசே இங்கே அனுப்பியது, சென்னைக்கும் வந்தார். தன் நாட்டில் கறுப்பர்களை நாய் விட்டுக் கடிக்கவைத்த அரசு, ஜனநாயகத்துக்குச் சாட்சியாகக் கறுப்பரை விமானத்தில் ஏற்றியது. நம்ப அரசு பறைக்காரனைத் தில்லி அணிவகுப்புக்குக் கூட்டிப்போகிற மாதிரி.

அந்த 1963 செப்டம்பர் 15இல்தான் அலபாமா மாநிலம் பர்மிங்காமில் ஒரு கறுப்பர் தேவாலயத்தில் குண்டு வைத்து நாலு சிறுமிகளைக் கொன்றார்கள். ஒரு பிள்ளைக்கு 11 வயது, மற்ற மூவருக்கும் 14. நவம்பர் 18இல் கோல்ட்ரேன் 'அலபாமா' என்று ஒன்றைப் பதிந்தார். ஐந்து நிமிசம். வார்த்தை கிடையாது. சாக்ஸபோன் பேசுகிறது, பியானோ தரையில் உருளுகிறது, நடுவில் ஒருதரம் எல்லாம் நின்றே போகிறது. உலகத்து ஜாஸ் தட்டுகளில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள் என்றால் இந்த ஐந்து நிமிசத்தை வைத்துக்கொள்வேன்; 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வை அந்தக் கனவானுக்கே கொடுத்துவிடுவேன்.

இங்கே 1994 அக்டோபர் 10. மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் காரணை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் நம்ப சனத்தின் நிலைமையை அறிக்கையாக எழுதி, அதன் பிறகு 1892இல் ஒதுக்கிய பஞ்சமி நிலம், கை மாறிக் கை மாறி யார் யாரிடமோ போய்விட்டது. அதை மீட்கக் கிளம்பினார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள், அகற்றப்பட்டது. செங்கல்பட்டில் திரண்டபோது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். இந்த மண்ணின் 'அலபாமா' இது. ஒவ்வொரு வருசமும் நினைவு நாள் எடுக்கிறோம். பறை அடிக்கிறார்கள். எதற்கு அடிக்கிறார்கள்? கூட்டம் சேர. பேச்சாளர் கார் வந்து நின்றதும் கை காட்டி நிறுத்திவிடுகிறோம். அதற்கப்புறம் மூன்று மணி நேரம் மைக்.

தோழர்களோடு என் சண்டை இதுதான். ஊர்க்காரன் பறையைச் சாவுக்குக் கூப்பிட்டான், நாம் மாநாட்டுக்குக் கூப்பிடுகிறோம். இருவருமே உட்கார்ந்து கேட்பதில்லை. கோல்ட்ரேன் நாற்பது நிமிசம் வாசித்தால் நாற்பது நிமிசமும் வாய் மூடி உட்காரத் தெரிந்த எனக்கு, பெரியப்பா அடித்த நாற்பது நிமிசத்தை உட்கார்ந்து கேள் என்று எந்த இயக்கமும் சொல்லித் தரவில்லை. நம்பளுக்கு எல்லாவற்றையும் வார்த்தையால் சொல்லியாக வேண்டும். இன்குலாப் எழுதி கே.ஏ. குணசேகரன் பாடிய 'மனுசங்கடா' இல்லாமல் நம்ப மேடை இல்லை, அது இருக்கத்தான் வேண்டும். 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. கானாவும் பறையும் கிடாரும் ஒரே மேடையில், அயோத்திதாசர் சொன்ன சாதியற்ற தமிழரை நினைவூட்டும் பேரோடு. ஆனால் அங்கேயும் தோல் பாட்டுக்குப் பின்னால்தான் நிற்கிறது. வார்த்தையை நிறுத்திவிட்டுத் தோலைப் பேச விடுங்கள். அரை மணி நேரம். என்ன ஆகிறது பார்ப்போம்.

'ஃபியூஷன்' என்று ஒன்று இருக்கிறது. அதைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறேன். பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை வாங்கிய குழல், கத்ரி கோபால்நாத் கையில் மார்கழிக் கச்சேரி ஏறிவிட்டது. அவர் வித்தையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடல் தாண்டி வந்த பித்தளைக்குத் தீட்டு இல்லை, பக்கத்துத் தெருத் தோலுக்குத் தீட்டு. மிருதங்கத்தின் தோலும் மாட்டுத்தோல்தான். அதைச் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய புத்தகத்தை வெளியிட 2020இல் கலாக்ஷேத்ரா முதலில் கொடுத்த அரங்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இளையராஜாவின் 1986 'ஹவ் டு நேம் இட்' தட்டை எல்லாரும் சாதனை என்கிறார்கள். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்த தட்டு. பண்ணைப்புரத்துக்காரருக்கு அந்த இரண்டு பேரிடமும் என்ன சான்றிதழ் வேண்டிக் கிடக்கிறது? அவருடைய சினிமாப் பாட்டில் உடுக்கையும் தவிலும் நுழைகிற பத்து விநாடி எனக்கு அந்த முழுத் தட்டைவிடப் பெரிசு. கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

ஜாஸ் தட்டின் உறையைத் திருப்பிப் பாருங்கள். யார் எதை வாசித்தார், எந்தத் தேதியில், எந்த ஊரில் பதிந்தது, எல்லாம் இருக்கும். பின்வரிசையில் உட்கார்ந்து பாஸ் இழுத்தவருக்கும் பேர் இருக்கும். பிழைப்புக்குக் கிளப்பின் பின்வாசல் வழியாக உள்ளே போனவர்கள், தட்டின் உறையில் முழுப்பேரோடு இருக்கிறார்கள். அந்தப் பட்டியல்கள்தான் எனக்குத் தட்டின் சங்கீதத்துக்கு அடுத்த படிப்பு. நம்ப நாட்டுப்புறக் கேசட்டுகளை எடுங்கள். தொகுத்தவர் பேர், ஆராய்ச்சியாளர் பேர், நிதி கொடுத்த நிறுவனத்தின் பேர். அடித்தவர்? 'கிராமியக் கலைஞர்கள்'. 'குழுவினர்'. என் கைக்கு வந்த அரக்குத் தட்டுகளில், பாகவதர் வரைக்கும், நாகஸ்வரம் வரைக்கும், நகைச்சுவைப் பேச்சு வரைக்கும் இருக்கிறது, பறை ஒன்றுகூட இல்லை.

1996இல் ஒரு டூ-இன்-ஒன் வைத்து மூன்று சாவில் பெரியப்பா அடித்ததைப் பதிந்தேன். நாலு கேசட். நடுநடுவே பேட்டரி இறங்கி அடி மெதுவாகிப் போகும், அழுகைச் சத்தம் மேலே ஏறிக்கொள்ளும், ஒரு இடத்தில் ஒரு பொம்பளை மைக்குக்குப் பக்கத்திலேயே வந்து என்னைத் திட்டுகிறாள். அவர் 2003இல் செத்தார். 2015 மழைக்கு அவை மேலே பரணில் இருந்ததால் தப்பின. கணினியில் ஏற்றியாகிவிட்டது. ஒவ்வொன்றின் அட்டையிலும் தேதி, ஊர், யார் வீட்டுச் சாவு, யார் எந்தப் பறை என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவது பறை அடித்தவரின் பேர் மட்டும் இரண்டு கேசட்டில் காலியாக இருக்கிறது. மதுராந்தகம் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்தவர், இடது கைக்காரர், காலில் ஒரு தழும்பு உண்டு. அவருடன் அடித்தவர்கள், இந்தப் பக்கத்து மோளக்காரர் வீடுகள், யாருக்காவது தெரிந்தால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படிக் கேசட் கிடந்தால் பரணிலிருந்து இறக்குங்கள், உள்ளே பூஞ்சை இருந்தால் சுற்ற விடாதீர்கள், நாடா அறுந்துவிடும். முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் அடித்தவர் பேரை எழுதி உள்ளே வையுங்கள்.